மூன்றடிக் குழாயில் சித்திரை நிலவு

தண்ணீர்த் தொட்டியின் குழாயை மாற்றியபோது மூன்றடித் துண்டு ஒன்று மிஞ்சியது. 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய். மொட்டை மாடி மூலையில் கிடந்த அந்தத் துண்டை அக்கா மகன் கண்ணில் வைத்துக்கொண்டு நாகப்பட்டினம் கலங்கரை விளக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தான். "சித்தி, இதில் ஏதாவது லென்ஸ் வைத்தால் நிலா பெரிதாகத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அன்று 2024 ஏப்ரல் 6. சித்ரா பௌர்ணமிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பௌர்ணமியன்று அதை உறையிலிருந்து எடுப்பதில்லை. முழுநிலவில் நிழல் கிடையாது, நிழல் இல்லாமல் பள்ளம் மேடு தெரியாது, ஆகையால் பார்க்க ஒன்றும் இல்லை என்பார்கள். எனக்கு அதில் ஒருபோதும் உடன்பாடு இல்லை. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். பகலெல்லாம் காய்ந்து கிடந்த ஊர், மாலைக் கடற்காற்று வந்ததும் மாடிக்கு ஏறும். அந்த மாதத்து முழுநிலவுக்குப் புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன ஊர்கள் இவை. அந்த நிலவைப் பார்க்கத் தகுந்த ஒரு குழாயைச் செய்துவிடவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு விலை உயர்ந்த எதுவும் தேவைப்படவில்லை.

தேவையானவை இரண்டே லென்ஸ். வானத்தைப் பார்க்கும் லென்ஸுக்குக் கண்ணாடிக் கடையில் கிடைக்கும் ப்ளஸ் ஒன்று பவர் லென்ஸ் போதும். ப்ளஸ் ஒன்று என்றால் அதன் குவியத் தூரம், அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியை அது ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம், ஒரு மீட்டர். ப்ளஸ் இரண்டு என்றால் அரை மீட்டர். சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பு, வெட்டாத வட்ட வடிவத்திலேயே கேட்டு வாங்கவேண்டும். கண் பக்கத்துக்குக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ். 5 மடங்கு என்று எழுதியிருப்பது 50 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்டது. வானத்து லென்ஸின் ஆயிரம் மில்லிமீட்டரைக் கண் பக்கத்து லென்ஸின் ஐம்பதால் வகுத்தால் 20. ஆக நம் குழாய் நிலவை 20 மடங்கு பெரிதாக்கும்.

முதலில் வாங்கிய லென்ஸ் சரியில்லை. கடையில் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, தொலைவில் எரியும் தெருவிளக்கின் பிம்பத்தை அந்த லென்ஸ் வழியாக ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்தேன். புள்ளியாக விழவேண்டிய ஒளி, நெட்டையான கோடாக விழுந்தது. தாளைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் அந்தக் கோடு படுத்துக்கொண்டது. இன்னும் நகர்த்தினால் வெறும் மங்கல். எந்த இடத்திலும் புள்ளி இல்லை. அந்த லென்ஸில் பார்வைச் சிதறலைத் திருத்தும் 'சிலிண்டர்' பவரும் கலந்திருந்தது. படிக்கிற கண்ணாடிக்கு அது உதவும். நிலவுக்கு உதவாது. லென்ஸ் வாங்குகிற எவரும் குழாயைத் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. ஐந்து நிமிட வேலை, ஒரு வார அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது கடையில் வயதான ஒரு பெரியவர் இருந்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். பவர் அளக்கும் கருவியில் நான்கு லென்ஸ்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, சிலிண்டர் துளியும் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அத்தோடு விடாமல், குழாய்களை இணைக்கும் கப்ளிங் எந்த அளவு என்று விசாரித்து, லென்ஸின் விளிம்பைத் தேய்த்து 62 மில்லிமீட்டர் வட்டமாக்கிக் கொடுத்தார். லென்ஸுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார், தேய்த்த கூலியை வாங்க மறுத்துவிட்டார். அந்த லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, தொலைவிலுள்ள கைப்பேசிக் கோபுரத்தின் பிம்பத்தைத் தாளில் பிடித்து அளந்தேன். லென்ஸுக்கும் தாளுக்கும் நடுவே 99 சென்டிமீட்டரும் கொஞ்சமும். கோபுரம் தலைகீழாக, ஒரு குண்டூசி உயரத்தில், சுத்தமாக நின்றது.

குழாயை 85 சென்டிமீட்டருக்கு ஆக்ஸா பிளேடால் அறுத்தோம். நேராக அறுக்க ஒரு வழி: தாள் ஒன்றைக் குழாயைச் சுற்றி இறுக்கி, ஓரங்கள் பொருந்தும்படி ஒட்டிவிட்டு, அந்தத் தாளின் விளிம்பை ஒட்டியே பிளேடை ஓட்டவேண்டும். கோணலாக அறுபட்டால் லென்ஸ் கோணலாக உட்காரும், நிலவின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் குழைந்தும் தெரியும். அறுத்த முனையை உப்புத்தாளில் தேய்த்து, ஒரு முனையில் கப்ளிங்கைச் செருகினோம். கப்ளிங்கின் நடு வளையத்தில் லென்ஸை உட்காரவைத்து, மிஞ்சிய ஆறு சென்டிமீட்டர் குழாய்த் துண்டை முன்னாலிருந்து அழுத்திவிட்டால் லென்ஸ் அசையாது. அந்தத் துண்டே பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்கும் மூடாக்காகவும் ஆகிவிட்டது. லென்ஸுக்கும் கப்ளிங்குக்கும் நடுவே இருந்த மில்லிமீட்டர் இடைவெளிக்குத் தாளை ஒரு சுற்றுச் சுற்றினேன். பசை எதுவும் போடவில்லை. நாளைக்குக் கழற்றிக் கழுவவேண்டி வரும்.

பின்பக்கம் 50 மில்லிமீட்டர் குழாய் ஒன்று உள்ளே போய்வரவேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம். தையற்கடையில் வெல்வெட் வெட்டுத்துண்டு வாங்கி, சிறிய குழாயில் இரண்டு இடத்தில் பட்டையாகச் சுற்றி ஒட்டினோம். இழுத்தால் வரவேண்டும், விட்டால் நிற்கவேண்டும். அந்தப் பதம் மூன்றாவது சுற்றில் கிடைத்தது. சிறிய குழாயின் மூடியில் தச்சர் ஒருவர் துளை போட்டுத் தர, கடிகார லென்ஸ் அதில் இறுக்கமாக உட்கார்ந்தது.

இனி ஒரு முக்கியமான அட்டை. மூக்குக்கண்ணாடி லென்ஸ் ஒற்றைக் கண்ணாடியால் ஆனது. சிவப்பையும் நீலத்தையும் அதனால் ஒரே இடத்தில் குவிக்க முடியாது. லென்ஸ் முழுவதையும் திறந்து வைத்தால் நிலவைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் கரை கட்டும். ஆகையால் கறுப்பு அட்டையில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு, அந்த வட்டத்தை வெட்டி எடுத்து, துளையுள்ள அட்டையை லென்ஸுக்குப் பின்னால் வைத்தோம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அத்தனை சிறிய துளை வழியாக வரும் ஒளியே முழுநிலவுக்கு மிகுதி. இந்தக் கணக்கு அக்கா மகனுக்கு முதலில் புரியவில்லை. பெரிய லென்ஸை வாங்கி அதை ஏன் மூடவேண்டும் என்றான். அட்டையோடும் அட்டை இல்லாமலும் ஒரு முறை பார்த்த பிறகு அவனே அட்டைக்குக் காவல் ஆனான்.

ஏப்ரல் 12 மாலை முதன்முதலாக வானத்தைப் பார்த்தோம். மேற்கே நான்காம் பிறை. பிறை தெரிந்தது, ஆனால் பால் கலந்த தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தது, விளிம்புகள் இழுபட்டிருந்தன. இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மூக்குக்கண்ணாடி லென்ஸ் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். புடைத்த பக்கம் வானத்தைப் பார்க்கவேண்டும். நான் மாற்றி வைத்திருந்தேன். பால் வெளுப்புக்குக் காரணம் குழாய். குழாயின் உட்புறத்தில் படும் ஒளியெல்லாம் வழவழப்பான சுவரில் தெறித்துக் கண்ணுக்கு வருகிறது.

உள்ளே கறுப்படிக்கப் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குப் பூசும் பெயிண்ட்தான் சரி. அது பளபளக்காது. பிரஷ் குழாய்க்குள் எட்டாது. ஆகையால் கொஞ்சம் பெயிண்டை உள்ளே ஊற்றி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல உருட்டிக்கொண்டே இருந்தோம். மீதியை டப்பாவில் வடித்துவிட்டு நிழலில் நிற்கவைத்தோம். மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. தொட்டால் ஒட்டவில்லை என்று அன்று மாலையே லென்ஸை மாட்டிவிட்டேன். அதற்கு மறுநாள் பகல் முழுவதும் குழாய் மாடி அறையின் வெப்பத்தில் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் லென்ஸின் உட்புறத்தில் மெல்லிய புகை போல ஒரு படலம். காய்ந்த பெயிண்டிலிருந்தும் பல மணி நேரத்துக்கு ஆவி வந்துகொண்டே இருக்கும். லென்ஸைக் கழற்றி, பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் நனைத்து, விரல் நுனியால் தடவி, நல்ல தண்ணீரில் அலசி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். குழாயை இன்னும் இரண்டு நாள் திறந்தபடி காயவிட்டேன்.

17 ஆம் தேதி மாலை எல்லாம் சரியாக அமைந்தது. அரைநிலவைத் தாண்டிய நிலவு, ஏறக்குறைய உச்சியில். ஒரு மீட்டர் குழாயை உச்சி வானத்துக்கு நிமிர்த்திப் பிடிப்பது எளிதல்ல. பாய் விரித்துப் படுத்து, குழாயை நாற்காலிக் கையில் சாய்த்து, ஆள் மாற்றி ஆள் பார்த்தோம். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டித் தென்பகுதியில் ஒரு பள்ளம், பாதி நிழல் நிரம்பிய கிண்ணமாக இருந்தது. அதுதான் டைக்கோ. 85 கிலோமீட்டர் அகலம். எங்கள் வீட்டிலிருந்து தஞ்சாவூர் எவ்வளவு தூரமோ ஏறத்தாழ அவ்வளவு. நிழல் இருந்ததால் அதன் ஆழம் தெரிந்தது. இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள், பௌர்ணமியன்று இது வேறு ஒன்றாக இருக்கும் என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

கையில் பிடித்துப் பார்த்தால் 20 மடங்கில் நிலவு துள்ளும். முக்காலி எங்களிடம் இல்லை. பழைய கால்சட்டைக் கால் ஒன்றை வெட்டி, இரு முனையையும் தைத்து, முக்கால் பங்கு மணல் நிரப்பினோம். அதை மாடியின் கைப்பிடிச் சுவரில் போட்டு, நடுவில் அழுத்திப் பள்ளமாக்கி, குழாயைப் படுக்கவைத்தால் அசைவே இல்லை. மணலை நிறைத்துத் தைத்துவிட்டால் பள்ளம் விழாது, குழாய் உருளும். உச்சி நிலவுக்கு இந்த மணல் பை பயன்படாது. ஆனால் கிழக்கே எழும் நிலவுக்கு இதைவிட நல்ல தாங்கி கிடையாது. எழும் நிலவு நம் கண் மட்டத்தில் இருக்கிறது. கழுத்தை அண்ணாந்து வலிக்கச் செய்யவேண்டியதில்லை, குழந்தைகள் நின்றபடியே பார்க்கலாம். முழுநிலவுக்கென்று நான் குழாய் செய்ய ஆசைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே நேரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். லென்ஸைவிட இது முக்கியம். முழுநிலவு என்பது சூரியனுக்கு நேர் எதிரே நிலவு நிற்கும் ஒரு நொடி. அந்த ஆண்டு அந்த நொடி ஏப்ரல் 24 விடியற்காலை 5.19 மணிக்கு வந்தது. ஆகையால் 23 ஆம் தேதி மாலை நிலவு இன்னும் எதிர்நிலைக்கு வந்து சேரவில்லை. நாகப்பட்டினத்தில் 6.22க்குச் சூரியன் மறைய, நிலவு ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும். அப்போது வானம் வெளிச்சமாக இருக்கும். மறுநாள் நிலவு முக்கால் மணி நேரம் தாமதித்து, சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து எழும். பஞ்சாங்கப்படி சித்ரா பௌர்ணமி 23. ஆனால் செக்கச் செவேல் என்று கடலிலிருந்து கிளம்பும் நிலவு வேண்டுமென்றால் 24. பௌர்ணமி பார்க்கப் போகிறவர்கள் தேதியை மட்டும் பார்க்காமல், அன்றைய சூரிய மறைவு, நிலவு உதயம் இரண்டையும் நாள்காட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சூரியன் மறைந்து பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் நிலவு எழும் மாலை எதுவோ, அதுதான் கண்ணுக்கு விருந்து. கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க மறுபக்கம் நிலவு கடலில் எழுவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கணக்கு வேறு. நிலவு சற்று முன்னதாக எழும் நாள்தான் அவர்களுக்கு வேண்டும்.

நாங்கள் இரண்டு மாலையையும் எடுத்துக்கொண்டோம்.

23 மாலை. அம்மா புளியோதரை, தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றையும் கிளறி, வடகம் பொரித்து மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் மணல் பை. குழாயைக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மேற்குப் பக்கம் யாரும் திருப்பக்கூடாது என்று பிள்ளைகளிடம் மூன்று முறை சொன்னேன். சூரியன் இன்னும் வானத்தில் இருக்கிறது. இந்தக் குழாய் வழியாக ஒரு கணம் சூரியனைப் பார்த்தாலும் பார்வை போய்விடும். முழுநிலவு எத்தனை பளிச்சென்று இருந்தாலும் கண்ணைக் கெடுக்காது. சூரியனிடம் விளையாட்டு இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்திருந்ததால், மேற்கே ஒரு போர்வையைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டேன்.

தென்னை மட்டைகளுக்கு மேலே நிலவு வந்தபோது, நீல வானத்தில் அப்பளம் போல வெளிறி இருந்தது. வெறும் கண்ணுக்குச் சாதாரணம். குழாய்க்கோ அதுதான் நல்ல நேரம். இருட்டிய பிறகு முழுநிலவைத் தொலைநோக்கியில் பார்த்தால் கண் கூசும், வெள்ளையாக வழிந்துவிடும். வானம் வெளிச்சமாக இருக்கும்போது கூச்சம் இல்லை. சாம்பல் நிறச் சமவெளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கடல் என்று பெயர், உண்மையில் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. அமைதிக் கடலை அவனுக்குக் காட்டினேன். 1969 ஜூலையில் மனிதர் முதலில் இறங்கிய இடம். கொடி தெரியுமா என்று கேட்டான். தெரியாது, எந்தத் தொலைநோக்கியிலும் இங்கிருந்து தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

பிறகு அவனே டைக்கோவைக் கண்டுபிடித்தான். 17 ஆம் தேதி கிண்ணமாக இருந்தது, இன்று கிண்ணம் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதிலிருந்து நிலவின் பாதித் தூரத்துக்கு ஓடும் வெண்கோடுகள். கல் பட்டுத் தெறித்த கார்க் கண்ணாடியில் விரிசல் ஓடுவது போல. விண்கல் மோதியபோது சிதறிய வெளிர் துகள்கள் அவை. நிழல் விழும் நாட்களில் அந்தக் கோடுகள் மங்கிப்போகும். சூரியன் நேராக அடிக்கும் பௌர்ணமியில்தான் முழுவதும் எழுந்து வரும். பார்க்க ஒன்றுமில்லை என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

இருட்டியதும் நிலவுக்குச் சற்று மேலே ஒரு வெண்ணீலப் புள்ளி வெளிப்பட்டது. கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம் தள்ளி. சித்திரை நட்சத்திரம். முழுநிலவு இந்த நட்சத்திரத்தை ஒட்டி வருவதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர். விசாகத்தை ஒட்டி வந்தால் வைகாசி. நாம் தினமும் சொல்கிற மாதப் பெயர் ஒவ்வொன்றும் யாரோ மாடியில் நின்று நிலவுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்து வைத்த பெயர். அது எல்லா ஆண்டும் துல்லியமாக அமைவதில்லை, முழுநிலவு சில ஆண்டுகளில் நட்சத்திரத்தைத் தாண்டிப் போய்விடும். அந்த ஆண்டு பக்கத்திலேயே இருந்தது. ஏறத்தாழ 250 ஒளியாண்டுத் தொலைவு. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது நம் குழாயில் புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் நான்கு நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்கள் இருக்கின்றன.

சாப்பாட்டுக்கு நடுவே மிளகுச் சோதனை. எழும் நிலவு பெரிதாகவும் உச்சிக்குப் போனால் சிறிதாகவும் தெரிகிறதே என்று அம்மா எப்போதும் சொல்வார். ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் மிளகு ஒன்றைப் பசையால் ஒட்டி, மாலையிலேயே அவரிடம் கொடுத்திருந்தேன். கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மிளகால் நிலவை மறைக்கவேண்டும். தென்னைக்கு மேலே பெரிதாக இருந்த நிலவை மிளகு அப்படியே மூடியது, ஓரத்தில் நூல் அளவு ஒளி. இரவு பதினொன்றரைக்கு உயரே சிறுத்துப்போனதாகத் தோன்றிய நிலவையும் அதே மிளகு அதே போல மூடியது, அதே நூல் அளவு ஒளி. அம்மா குச்சியை இறக்கி மிளகைப் பார்த்தார், மறுபடி நீட்டினார். நிலவு வானத்தில் அரை பாகை அகலந்தான், எங்கே இருந்தாலும். உண்மையில் எழும்போது அது நமக்குச் சற்றுத் தொலைவு. உச்சிக்கு வரும்போது பூமியின் சுழற்சி நம்மை 6,000 கிலோமீட்டர் அளவுக்கு அருகே கொண்டுபோகிறது. மரத்துக்கும் கூரைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நம் மனந்தான் அதைப் பெரிதாக்குகிறது. தாளைச் சுருட்டி அதன் வழியாகப் பார்த்தால் மரங்கள் மறைந்துவிடும், பெரிய நிலவும் மறைந்துவிடும்.

முயலைப் பற்றி ஒரு வார்த்தை. எழும்போது முயல் காதுகளை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நள்ளிரவில் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். விடியற்காலை மேற்கே இறங்கும்போது தலைகீழாகக் குதிக்கும். நிலவு உருளவில்லை, நாம் நிற்கும் தரைதான் திரும்புகிறது. நம் பக்கத்தில் நிலவு வானத்தின் உச்சியை ஒட்டி ஏறி இறங்குவதால் இந்த முழுத் திருப்பம் ஒரே இரவில் தெரிகிறது. குழாயில் எல்லாமே தலைகீழ் என்பதால் இதை வெறும் கண்ணால் பார்ப்பதே நல்லது. அம்மா பாட்டி வடை சுடுவதைத்தான் பார்க்கிறார், முயலை ஒப்புக்கொள்ளவில்லை.

கைப்பேசியில் படம் எடுக்கவும் செய்தோம். கடிகார லென்ஸில் கைப்பேசியை ஒட்டிப் பிடித்து, திரையில் நிலவைத் தொட்டு, வெளிச்சத்தை நன்றாகக் கீழே இழுத்தால் கோடுகள் வரும். இழுக்காவிட்டால் வெள்ளை வட்டம் மட்டும். 10 மடங்குக் கடிகார லென்ஸையும் அன்று போட்டுப் பார்த்தோம். 40 மடங்கில் நிலவு கண்ணை நிரப்பியது. ஆனால் ஓரம் குழைந்தது, இரண்டு நிமிடத்தில் தன் அகலம் முழுவதும் நகர்ந்து வெளியே போய்விட்டது. மணல் பையோடு துரத்துவது சிரமம். 20 மடங்குக்கே திரும்பினோம்.

24 மாலை கடற்கரை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கடலில் பெரிய விளக்குகள் இல்லை. கைப்பிடிச் சுவருக்கு என்ன செய்வது என்று பார்த்தபோது, மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த நாட்டுப் படகின் விளிம்பு சரியான உயரத்தில் இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கிழக்கே கடல் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு, "கோட்டில் தேடாதீர்கள் அம்மா, அங்கே வராது. நான்கு விரல் மேலே பாருங்கள்" என்றார். கோடையில் வங்கக் கடலுக்கு மேல் ஈரப்பசையும் தூசியுமாக ஒரு சாம்பல் பட்டை நிற்கும். நிலவு அந்தப் பட்டைக்குள் பிறந்து, சற்றுத் தள்ளித்தான் வெளிப்படும். நேர் கிழக்கிலும் இல்லை, வேளாங்கண்ணிப் பக்கமாக ஒன்றரை முஷ்டி அகலம் தள்ளி.

உதய நேரம் 6.41 தாண்டியது. ஒன்றும் இல்லை. ஏழுக்குச் சில நிமிடம் இருக்கையில், சாம்பலுக்குள் யாரோ தணலை ஊதியது போல ஒரு மங்கிய சிவப்பு. முதலில் மேல் விளிம்பு இல்லை, கீழ் விளிம்பு இல்லை, நிறம் மட்டும். பிறகு அது வட்டமானது. நன்றாகப் பார்த்தால் வட்டமும் இல்லை, மேலும் கீழும் அமுங்கிய முறுக்கின் வடிவம். கீழ் விளிம்பிலிருந்து வரும் ஒளியைக் காற்று அதிகம் வளைத்துத் தூக்குவதால் வரும் நசுங்கல்.

குழாயில் பார்த்த பையன், "சித்தி, லென்ஸ் கெட்டுவிட்டது" என்றான். நிலவின் மேல் ஓரத்தில் சிவப்புக் கரை, கீழ் ஓரத்தில் பச்சை கலந்த நீலக் கரை. பத்து ரூபாய் அட்டை விழுந்துவிட்டதோ என்று நானும் பதறினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், அட்டை இருந்தது. லென்ஸில் கடல் உப்பு கொஞ்சம் படிந்திருந்தது, அவ்வளவுதான். மறுபடி பார்த்தேன். லென்ஸின் குறையாக இருந்தால் கரை சுற்றிலும் ஒரே நிறத்தில் இருக்கவேண்டும். இங்கே மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம், இரு பக்கமும் சுத்தம். குழாய் தலைகீழாகக் காட்டுவதால், உண்மையில் சிவப்பு கீழே, நீலம் மேலே. நீல ஒளியைக் காற்று கொஞ்சம் அதிகமாக வளைக்கிறது. அடிவானத்தில் அத்தனை தடிப்பான காற்றின் வழியாக வருவதால் நிலவின் நிறங்களே பிரிந்து நிற்கின்றன. பட்டகத்தில் நடப்பது இங்கே கடலுக்கு மேல் நடந்துகொண்டிருந்தது, 450 ரூபாய் செலவில் செய்த குழாயில் அது தெரிந்தது.

உறுதிப்படுத்த ஒரே வழி காத்திருப்பது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தோம். நிலவு ஏற ஏறக் கரை மெலிந்தது. செம்பு நிறம் மஞ்சளானது, மஞ்சள் வெண்ணெய் நிறமானது. ஏழரை மணிக்கு மேல் ஓரத்துச் சிவப்பை நான் பார்க்கவில்லை, அவன் இன்னும் தெரிகிறது என்றான். ஏழே முக்காலுக்கு அவனும் இல்லை என்றான். வலையை மடித்துவைத்துவிட்டு வந்த பெரியவர் குனிந்து குழாயில் கண்ணை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை. கையால் குழாயைத் தொடாமல், முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸைக் கழற்றித் தண்ணீரில் அலசினேன். உப்பைத் துடைத்தால் கீறல் விழும், கரைத்துத்தான் எடுக்கவேண்டும். அட்டையையும் ஈர்க்குச்சி மிளகையும் அவன் தன் வடிவியல் பெட்டியில் வைத்துக்கொண்டான். நாள்காட்டியில் மே 23க்கு நேராக வட்டம் போட்டு, பக்கத்தில் நிலவு உதயம் என்று எழுதி, நேரத்துக்கு இடம் விட்டிருக்கிறான்.